வாகை சூடாத தளபதி: மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு பற்றிய ஒரு மதிப்பீடு

படைத்தலைவன் ஒருவனுடைய பெருமையை எதனைக் கொண்டு அளத்தல் வேண்டும் என்னும் வினா பழமையானது. தமிழிலக்கியம் இவ்வினாவுக்கு நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு விடை வகுத்துள்ளது. ஆநிரை கவர்தலைக் கூறும் வெட்சியிலே தொடங்கி, மண்ணாசையாற் படையெடுக்கும் வஞ்சியையும், அரண் முற்றும் உழிஞையையும், பொருகளத்துத் தும்பையையுங் கடந்து, வெற்றி மாலையாகிய வாகையை எய்துவதே வீரனுக்குப் புறத்திணை காட்டும் நெறி. கலிங்கப் போரில் வென்ற கருணாகரத் தொண்டைமானைச் செயங்கொண்டார் பரணி பாடிச் சிறப்பித்தார். வென்றவன் பாடப்பெறுவான், களத்தில் வீழ்ந்தவன் நடுகல் பெறுவான். பகைவர்மேற் படை நடத்தும் வாய்ப்பே பெறாத தளபதிக்கு இந்நெறியில் இடம் யாது?

இடம் உண்டு, ஆயின் அது சிறிது. மதில் காத்து நிற்பாரின் திறத்தைத் தொல்காப்பியர் உழிஞைக்குள் அடக்கினார். ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் அதனை நொச்சி என்னுந் தனித் திணையாகப் பிரித்தார். காத்தலும் வீரமே என்பதைப் பிற்காலத்தார் தெளிவாக உணர்ந்தமைக்கு அப்பிரிவு சான்றாகும். சேக்கிழார் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். வாதாபியை அழித்த பரஞ்சோதியாரின் வரலாற்றைப் பாடப் புகுந்தவர், அப்பெரும் போரைச் சுருங்கக் கூறி அகல்கின்றார். படைத்தொழிலை விடுத்த பின்னர் அவர் சிறுத்தொண்டராய் வாழ்ந்த வாழ்வையே விரித்துரைக்கின்றார். ஆயுதத்தை ஏந்திய கையினும் அதனைக் கீழே வைத்த கையே பெரிது எனக் கருதும் ஒரு மரபும் நம்மிடையே உண்டென்பது இதனாற் பெறப்படும்.

இவ்விரண்டாம் மரபை அளவுகோலாகக் கொண்டு, நம் நாட்டின் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கையராகிய மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு அவர்களின் வாழ்வையும் பணியையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் ஒரு தமிழர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதிகாரியாய்ப் பணிபுரிந்தவர். 1955 முதல் 1959 வரை தளபதியாய் இருந்தவர். எனினும் நம் மாணாக்கருள் அவர் பெயரைக் கேட்டவர் மிகச் சிலரே. ஆசிரியர்களின் நிலையும் இதனின் வேறன்று.

இவ்வாராய்ச்சியை நமது கடற்கரையிலிருந்தே தொடங்குதல் பொருந்தும். மாம்புரியில் நின்று நோக்குவார்க்குக் கிழக்கே புத்தளம் கடல்நீரேரியும் மேற்கே பெருங்கடலும், இடையே ஒடுங்கிய மணல்நிலமுமே தோன்றும். 2010 ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற காற்றாலைகள் இன்று இக்கரையின் அடையாளமாகிவிட்டன. வடக்கே கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை நிற்கின்றது. தெற்கே பாலாவியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பிரித்தானியக் கடற்படையினர் ஒரு வானூர்தித் தளம் அமைத்தனர். மழைக்காலத்துச் சேற்றிற் புதைந்த போர் வானூர்திகளை யானைகள் கட்டியிழுத்தன. அக்காட்சியைக் காட்டும் நிழற்படங்கள் இன்றும் உள்ளன. கோட்டையைக் கட்டியவர் பெயரை அறிவோம்; யானைகளின் உருவத்தையும் காண்கின்றோம். அப்போர்க் காலத்தில் இத்தீவைக் காத்து நின்ற நம்மவர் யாவர் என வினவின் விடையளிப்பார் இலர்.

போர் இக்கரைகளை அணுகிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நினைவுகூர்தல் வேண்டும். 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கின. ஏப்பிரல் 9 ஆம் நாள் திருக்கோணமலை தாக்குண்டது. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்னும் வானூர்தி தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கிற்று. அதுவரை தேயிலையும் இறப்பரும் விளையும் அமைதித் தீவாயிருந்த இலங்கை, ஒரு வாரத்துக்குள்ளே இந்து சமுத்திரத்தின் எல்லைக் காவலரணாயிற்று.

அந்நாளில் இத்தீவின் உள்நாட்டுப் படை எத்தகையது? இலங்கைப் பாதுகாப்புப் படை என்னும் பெயரால் 1910 இல் ஒழுங்கமைக்கப்பெற்ற தொண்டர் படையே அது. அதன் முதன்மை உறுப்புகளுள் ஒன்று, 1881 இலே தோற்றம் பெற்ற இலங்கை இலகு காலாட்படை. வழக்கறிஞரும் அலுவலரும் ஆசிரியரும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே ஓய்வு நாட்களிற் படைப்பயிற்சி பெற்றனர். முத்துக்குமாருவும் இவ்வழியால் வந்தவரே. 1908 யூலை 6 ஆம் நாள் கொழும்பிற் பிறந்த அவர், அந்நகரத்துப் புனித சூசையப்பர் கல்லூரியிற் பயின்று, பின்னர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து இயேசு கல்லூரியிலே கற்று, இலண்டனிற் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். நாடு திரும்பி அப்புக்காத்தாகிய அவர், 1934 இல் இலகு காலாட்படையின் அதிகாரியானார். சட்டம் முதலிலும் படைக்கலம் பின்னரும் அவர் கைக்கு வந்தன. அவருடைய பிற்கால நடத்தையை மதிப்பிடுவார் இவ்வரிசையை மறத்தல் ஆகாது.

1939 இற் போர் மூண்டபோது தொண்டர் படை முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டது. ஆயினும் இலங்கைப் படையினர் பர்மாவின் காடுகளுக்கோ ஆபிரிக்காவின் பாலைநிலத்துக்கோ தனிப் படைப்பிரிவாய்ச் சென்று பொருதிலர். இதற்குக் காரணம் உண்டு. 1942 மே 8 ஆம் நாள் இரவு, கொக்கோசுத் தீவுகளிற் காவல் புரிந்த இலங்கைப் பீரங்கிப் படையினருட் சிலர் கிளர்ச்சி செய்தனர். அது விரைவில் அடக்கப்பட்டது. கிறேசியன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவர் அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில், பொதுநலவாய நாடுகளின் படையினருள் கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றவர் இம்மூவரே. அதன்பின் இலங்கைப் படைப்பிரிவு எதனையும் போர்முனைக்கு அனுப்ப ஆங்கிலேயர் துணியவில்லை. ஆகவே, முத்துக்குமாருவின் தலைமுறை அதிகாரிகளுக்குக் களம் கிட்டாமை அவர்தம் ஆற்றற் குறைவாலன்று; ஆண்டவர்களின் ஐயத்தால் நேர்ந்தது.

அவருக்குக் கிட்டிய பணி காவற்பணியே. 1944 ஏப்பிரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூங்காவில் நிறுவினார். பர்மாவிலும் மலாயாவிலும் நடைபெற வேண்டிய போர்களின் திட்டங்கள் அங்கே வகுக்கப்பட்டன. அத்தலைமையகத்துக்குக் காவல் நின்ற படையினர்க்குத் தலைவராய் இருந்தவர் முத்துக்குமாரு. பர்மாவிற் பொருத பதினான்காம் சேனையே தன்னை ‘மறக்கப்பட்ட சேனை’ என்று கூறிக்கொண்டது. போரிட்ட சேனைக்கே அந்நிலை எனின், போர்த் திட்டத்தைக் காத்து நின்றவரை நினைப்பார் யார்? மவுண்ட்பேட்டனின் பெயர் நூல்களில் நிலைத்தது. வில்லியம் சிலிம் தம் சேனையின் வரலாற்றைத் தாமே எழுதிப் புகழ்பெற்றார். பேராதனை வாயிலில் நின்ற நொச்சி வீரரைப் பற்றி எவரும் எழுதிலர்.

ஈண்டு ஒரு தடை எழலாம். “காவல் நின்றவர் கடமை செய்தார் என்பது உண்மை, அதனால் அவரைப் பெருந்தளபதி எனல் எங்ஙனம் பொருந்தும்?” என்பர் சிலர். தடை நேர்மையானதே. போர்க்காலப் பணி ஒன்றனையே கொண்டு நோக்கின் முத்துக்குமாரு கடமை தவறாத ஓர் அதிகாரி என்பதற்கு மேல் யாதும் கூற இயலாது. அவரைக் கரிகாலனோடும் கருணாகரனோடும் ஒப்பிட்டு முகமன் கூறுதல் திறனாய்வாகாது. அவருடைய பெருமை போர் முடிந்த பின்னரே தோன்றுவது. ஆதலின் நமது நோக்கையும் அப்பக்கம் திருப்புவோம்.

1948 பெப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. மறு ஆண்டு இயற்றப்பெற்ற படைச் சட்டத்தின்படி, 1949 ஒக்டோபர் 10 ஆம் நாள் இலங்கைத் தரைப்படை பிறந்தது. அதன் முதற் றளபதி கேத்னஸ் பிரபு என்னும் ஆங்கில அதிகாரி. 1952 இல் அவரை அடுத்து வந்தவர் சேர் பிரான்சிஸ் றீட். கொடி மாறிற்று, சட்டம் மாறிற்று, தலைமை மாறவில்லை. அப்புதிய படையின் முதற் பெருநடவடிக்கையும் நமது கரையோடு தொடர்புடையதே. தென்னிந்தியாவிலிருந்து தோணிகளில் வந்திறங்குவோரைத் தடுக்கும் பொருட்டு, 1952 இல் ‘மொண்டி நடவடிக்கை’ என்னும் பெயரால் வடமேற்குக் கடற்கரையிலே தரைப்படை நிறுத்தப்பட்டது. ‘கள்ளத்தோணி’ என்னும் இழிசொல் இக்கரைவாழ் தமிழ் பேசுவோர் அனைவர்மேலும் ஐய நிழலை வீழ்த்திய காலம் அது. சுதந்திர நாட்டின் படை முதன்முதலாக உற்றுநோக்கிய திசை, பாக்குநீரிணையும் அதற்கப்பாலுள்ள தமிழ்நாடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னர், 1955 பெப்ரவரி 9 ஆம் நாள், அதே படைக்கு ஒரு தமிழர் தலைவரானார். நாற்பத்தாறு வயதினராகிய முத்துக்குமாரு பிரிகேடியர் நிலையிற் பதவியேற்றார். பின்னர் மேஜர் ஜெனரலானார். அந்நிலையை எய்திய முதல் இலங்கையரும் அவரே. அந்நாட் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல தாமும் இலகு காலாட்படையிற் பணிபுரிந்தவர். இன நோக்காற் பிறந்த நியமனம் எனவோ, இன நோக்கை எதிர்த்துப் பிறந்த நியமனம் எனவோ அதனை அன்று எவரும் பெரிதுபடுத்தவில்லை. மூத்த அதிகாரிக்கு மூப்புவழி வந்த பதவி அது. அத்தகைய இயல்பான நிலை ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதே இன்றைய மாணாக்கர்க்கு வியப்பாயிருக்கும்.

அயல்நாட்டோடு ஒப்பிடின் ஒரு வேற்றுமை புலப்படும். இந்தியாவில் 1949 சனவரி 15 ஆம் நாள் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அந்நாளையே இந்தியர் படைநாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனர். பிறர் கையிலிருந்த வாள் தம்மவர் கைக்கு வந்த நாளே கொண்டாடுதற்குரியது என்பது அவர் துணிபு. இலங்கையிலோ படைநாள் ஒக்டோபர் 10. அது படை பிறந்த நாள். தலைமை ஆங்கிலேயரிடமிருந்த நாள். பெப்ரவரி 9 ஆம் நாளை நினைப்பார் இலர். குடகு நாட்டினராகிய கரியப்பாவும் தம் நாட்டிற் சிறுதொகையினரான ஒரு மக்களினத்தைச் சார்ந்தவரே. அவரை இந்தியா தன் மகனாக ஏற்று, முதுமையில் ‘பீல்ட் மார்ஷல்’ பட்டமும் அளித்தது. முத்துக்குமாருவின் பதவியேற்பு நாட்காட்டியில் ஒரு கட்டத்தைத்தானும் பெறவில்லை.

பதவியேற்ற ஓராண்டுக்குள் நாடு மாறத் தொடங்கிற்று. 1956 ஏப்பிரலிற் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். யூன் மாதத்திற் சிங்களம் மாத்திரம் ஆட்சிமொழி என்னுஞ் சட்டம் நிறைவேறிற்று. அதனையொட்டிக் கல்லோயாவிற் குருதி சிந்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல் நாள், சிங்கத்தின் பெயர் தாங்கிய புதிய காலாட்படைப் பிரிவு ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. 1957 இல் ஆங்கிலேயர் திருக்கோணமலைத் தளத்தையும் கட்டுநாயக்காத் தளத்தையும் விட்டகன்றனர். அவ்வாண்டு இறுதியிற் பெருவெள்ளம் நாட்டை அலைத்தபோது படையினர் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். இம்மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இடையே, ஆங்கிலமொழி வழிக் கல்வி பெற்ற ஒரு கத்தோலிக்கத் தமிழர் தளபதியாய்த் தொடர்ந்தார். அரசு அவரை மாற்றவில்லை. அவரும் அரசின் கொள்கையைப் பொதுவிலே பழிக்கவுமில்லை, புகழவுமில்லை.

அவர் வாழ்விற் பெருஞ் சோதனை 1958 இல் வந்தது. பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கை அவ்வாண்டு ஏப்பிரலிற் கைவிடப்பட்டது. மே 22 ஆம் நாள் பொலனறுவையிலே தொடங்கிய வன்செயல் நாடெங்கும் பரவிற்று. பாணந்துறையில் இந்துக் கோயிற் குருக்கள் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். தமிழ்ப் பகுதிகளிற் சிங்களவரும் தாக்குண்டனர். மே 27 ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக நிருவாகத்தைத் தம் கையில் ஏற்றார்; படை தெருவில் இறங்கிற்று; வன்செயல் அடங்கிற்று. கொழும்பில் அடைக்கலம் புகுந்த தமிழர் கப்பல்களில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்நாட்களின் வரலாற்றைத் தாசி வித்தாச்சி எழுதி அவ்வாண்டே வெளியிட்ட நூல் பலராலும் படிக்கப்பட்டது.

அந்த நிலையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் இனத்தவர் தாக்கப்படுகின்றனர். தாமோ நாட்டின் படைத்தலைவர். குடியாட்சி தளர்ந்து நிற்கின்றது. அவசரகால அதிகாரம் நாடெங்கும் விரிந்துள்ளது. இத்தகைய வேளையில் ஒரு தளபதி யாது செய்தல் கூடும் என்பதற்கு அதே ஆண்டு பல எடுத்துக்காட்டுகளை உலகம் கண்டது. யூலையில் ஈராக்கில் அப்துல் கரீம் காசிம் மன்னராட்சியைக் கவிழ்த்தார். ஒக்டோபரிற் பாகிஸ்தானின் முதற் சுதேசத் தலைமைத் தளபதியாகிய அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றினார். அதே மாதத்திற் பர்மாவின் நே வின் பிரதமரானார். தாய்லாந்தில் சரித் அரசியலமைப்பையே நீக்கினார். நவம்பரிற் சூடானில் அப்பூத் ஆட்சி கொண்டார். 1958 ஐத் தளபதிகளின் ஆண்டு எனல் மிகையன்று. அவ்வாண்டில், அதனினுங் கடுமையான இடர் சூழ்ந்த ஒரு நாட்டிலே, கட்டளை வந்தபோது படையை வெளியே கொணர்ந்து, அதன் பணி முடிந்ததும் பாசறைக்கு மீட்ட ஒரு தளபதி இருந்தார். அயூப் கானைப் பற்றிப் பல நூல்கள் உள. முத்துக்குமாருவைப் பற்றி எழுதியவர் இலர். வரலாறு எழுதுவோர் உடைந்த கதவையே காண்பர். காக்கப்பட்ட கதவு அவர் கண்ணிற் படுவதில்லை.

இரண்டாவது தடையை இனி நோக்குவோம். இது முன்னதினும் வலியது. மே 22 முதல் 27 வரை ஐந்து நாட்கள் கழிந்தன. அந்நாட்களிற் கொல்லப்பட்டோரை எண்ணுந்தோறும், “கட்டளைக்குக் காத்திருந்த தளபதியைப் போற்றுதல் எவ்வாறு அறமாகும்?” என்னும் வினா நெஞ்சை உறுத்தும். சட்டத்தை ஓதியவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார் என்று கூறி எளிதில் இதனைக் கடத்தல் தகாது. எரியும் வீட்டின் முன் அனுமதிச் சீட்டுக்குக் காத்து நிற்றலை நம்முள் எவரும் போற்றார்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. படையை அழைக்கும் அதிகாரம் குடியாட்சியினது. தாமதம் அவ்வாட்சியின் குற்றமே. அதன் பழி அழைக்க வேண்டியவர்மேலதேயன்றி, அழைப்பை எதிர்நோக்கி நின்றவர்மேலதன்று. கட்டளையின்றி ஒரு தமிழ்த் தளபதி படையை இறக்கியிருப்பாராயின், அப்படை அன்றே இனவழிப் பிளவுண்டிருத்தல் கூடும். அவர் செயல் நல்லதாயினும், நல்ல காரணம் இருப்பின் தளபதி தானே எழலாம் என்னும் முன்மாதிரியை அது நாட்டியிருக்கும். அம்முன்மாதிரியை நாடுவோர் அக்காலத்தே இல்லாமலில்லை. நான்கு ஆண்டுகள் கழியுமுன், 1962 சனவரி 27 ஆம் நாள், கேணல் டி சேரம் முதலிய படை அதிகாரிகளும் உயர் பொலிஸ் அதிகாரிகளும் அரசைக் கவிழ்க்கச் சூழ்ந்த சதி, செயற்படுதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னர் வெளிப்பட்டது. அவருட் பலர் முத்துக்குமாருவின் காலத்தில் உடன் பணிபுரிந்தவர்கள். அவர்கள் காணாத எல்லைக்கோடு ஒன்றை அவர் கண்டிருந்தார். சதிக்குப் பின்னர் படையில் நேர்ந்த விளைவையும் நாம் அறிவோம். சிறுபான்மையினராகிய அதிகாரிகள்மேல் ஐயம் பெருகிற்று. பல இனத்தாரும் கலந்திருந்த படை, படிப்படியே ஓரினத்தாரின் படையாயிற்று.

இவ்வாறு கூறுதலால் அவர் கொள்கை குறையற்றது எனக் கொள்ளற்க. கீழ்ப்படிதலின் மதிப்பு, கீழ்ப்படியப்பெறும் சட்டத்தின் மதிப்பைப் பொறுத்தது. 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1958 இல் வந்த அவசரகால ஆட்சி, பின்னர் அரிதாகப் பயிலும் மருந்தாக இராது நாட்டின் நாளாந்த உணவாயிற்று. 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983 யூலைக்குப் பின் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் போர் நடந்தது. தளபதி சட்டத்துக்கு அடங்கினான் என்பது மட்டும் குடிகளைக் காவாது. சட்டம் அறத்துக்கு அடங்குதலும் வேண்டும். வள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களே படைக்கு வகுத்தார். அவற்றுக்கு முன்னரே செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் வைத்துப் பேசினார். அவ்வைப்பு முறையின் பொருளை இந்நாட்டு வரலாறு நமக்குக் கடுமையாகவே கற்பித்தது. முத்துக்குமாருவின் அறம் பாதி அறம். மற்றைப் பாதியைச் செய்திருக்க வேண்டியவர் ஆட்சியாளர்.

1959 செப்டெம்பரிற் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். நாடு மீண்டும் நிலைகுலைந்து நின்றது. தளபதி தமது பதவிக் காலத்தை நீட்டிக்கொள்ள முயலவில்லை. அவ்வாண்டு திசெம்பர் 31 ஆம் நாள் ஓய்வு பெற்று, மேஜர் ஜெனரல் விஜேக்கோனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பின்னர் தூதுப் பணியில் அமர்ந்து, பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, எகிப்து முதலிய நாடுகளில் இலங்கையின் பிரதிநிதியாய் விளங்கினார். கரியப்பாவும் ஓய்வின் பின் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தம் நாட்டின் சார்பாகச் சென்றவரே. இருவர் வழியும் ஒருங்கே சென்றன. இருவர் புகழும் ஒருங்கு செல்லவில்லை.

முதுமையில் முத்துக்குமாரு இலங்கையின் போர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1987 இற் புதுதில்லியில் நூலாக வெளிவந்தது. தம் நூலுக்கு ‘ஓர் உருவரை’ என்றே அவர் அடைமொழி தந்தார். வெளிவந்த ஆண்டைக் கருதுக. வடமராட்சியிற் படை நடவடிக்கை நிகழ்ந்ததும், யூலை 29 ஆம் நாள் இந்திய – இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானதும், இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் அவ்வாண்டே. தாம் ஒருகாலத்தில் வழிநடத்திய படையும் தம் இனத்து இளைஞரும் எதிரெதிரே நின்று பொருத நாட்களில், எண்பதை அணுகிய முதல் தளபதி இத்தீவின் போர் வரலாற்றுக்கு உருவரை தீட்டினார். சினத்தோடு எழுதத்தக்க காலம் அது. அவர் வரலாறு எழுதுதலையே தேர்ந்தார். 2001 இல் அவர் மறைந்தபோது போர் முடிந்திருக்கவில்லை.

அவர் ஏன் மறக்கப்பட்டார் என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பிற்காலத்துச் சிங்கள வரலாற்றுணர்வு, தன் படையின் மரபைத் துட்டகைமுனுவிலிருந்தும் பராக்கிரமபாகுவிலிருந்தும் வரைந்தது. அவ்வரைபில் ஒரு தமிழ்த் தளபதி பொருந்தவில்லை. தமிழ் வரலாற்றுணர்வோ சங்கிலியனையும் பண்டாரவன்னியனையும் நாடிற்று. அரசின் சீருடை அணிந்த ஒருவரை அது தன்னவராகக் கொள்ளவில்லை. ஒரு சாரார்க்கு அவர் தமிழர். மற்றொரு சாரார்க்கு அவர் அரசின் ஆள். இரு சாராரும் மறந்தது ஒரு மனிதரை மட்டுமன்று. அவ்விரு அடையாளங்களும் ஒருவரிடத்து முரணின்றி நிற்றல் கூடும் என்றிருந்த ஒரு காலத்தையும் மறந்தனர். அதுவே பேரிழப்பு. மனிதரை நூலில் மீட்கலாம். அக்காலத்தை மீட்டல் அரிது.

நமது கரைக்கு மீள்வோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இப்புத்தளம் கரைக்கே வந்து தங்கினர். கற்பிட்டிச் சாலையின் இருமருங்கும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. எந்தக் கொடியின் கீழ் நிற்பினும், எவருக்கும் விடை கூறாத ஆயுதம் யாது செய்யும் என்பதை இக்கரை மக்கள் நூலிற் கற்க வேண்டுவதில்லை. ஆதலின் முத்துக்குமாருவின் வாழ்வை எடைபோட இக்கரையே தக்க இடம். 2009 மே மாதத்திற் போர் ஓய்ந்தது. அதன் வெற்றி வீரரைப் போற்றுவாரும், வீழ்ந்தவரை நினைந்து அழுவாரும் இருவேறு நாட்களை நினைவு நாட்களாகக் கொண்டுள்ளனர். இவ்விரண்டுக்கும் அப்பால், போர் மூளாதவாறு படையைச் சட்டத்தின் எல்லைக்குள் நிறுத்திய ஒருவரின் நினைவுக்கு நாள் ஏதும் இல்லை.

சிலையும் விழாவும் இவர்க்கு வேண்டும் என்று யாம் கூறவில்லை. நம் பள்ளிகளிற் சுதந்திர இலங்கையின் வரலாறு கற்பிக்கப்படும்போது, முதற் பிரதமர் யார், முதல் மகாதேசாதிபதி யார் என வினவும் ஆசிரியர், தரைப்படையின் முதல் இலங்கைத் தளபதி யார் என்றும் ஒருமுறை வினவுக. அன்ரன் முத்துக்குமாரு என விடை கூறும் மாணாக்கன், “தமிழரா?” என்று வியந்து கேட்பான். அவ்வியப்புக்கு ஆசிரியர் கூறும் மறுமொழியே அவனுக்கு உண்மையான வரலாற்றுப் பாடமாகும்.